கப் ஜெயிச்சு பத்து வருஷம் – வாசகர் கேள்வி பதில்

2025 டிசம்பர் 20ஆம் தேதியோட நம்ம ஊர் ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்சி முதல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப் ஜெயிச்சு பத்து வருஷம் முடியுது. போன இதழ்ல அதைப் பத்தி ரெண்டே வரி போட்டதுக்கு கடிதம், மெயில், வாட்ஸ்அப்னு குவிஞ்சிடுச்சு. அதனால இந்த வாரம் சினிமா, அரசியல் எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு ஃபுட்பால் மட்டும்தான்.

கே: 2015 ஃபைனல் நடந்தப்ப எனக்கு ஏழு வயசு. அப்பா எப்பப் பார்த்தாலும் "அது வெள்ளம் வந்த வருஷம் ஜெயிச்ச கப்புடா"ன்னு சொல்லி கண்ணு கலங்குவார். வெள்ளத்துக்கும் கப்புக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், வேளச்சேரி

நீங்க வேளச்சேரில இருந்துகிட்டு இந்தக் கேள்வி கேக்குறீங்கன்னா அப்பா அந்த டிசம்பரைப் பத்தி முழுசா சொல்லாம மறைச்சிருக்கார் தம்பி, ஒரு நாள் உக்காந்து கேளுங்க. எங்க வீடு அப்ப ஜாஃபர்கான்பேட்டைல கீழ் போர்ஷன். டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு உள்ள வந்துச்சு. ஃப்ரிட்ஜ், டிவி, பீரோல இருந்த பட்டுப் புடவை, பசங்க மார்க் ஷீட் எல்லாம் போச்சு, நாலு நாள் மாடி வீட்டு அக்கா வீட்லதான் சாப்பாடு தூக்கம் எல்லாம். ஏர்போர்ட்டே 6ஆம் தேதி வரைக்கும் மூடிக் கிடந்த ஊர் இது.

அந்த நேரத்துலதான் நம்ம டீம் செமி ஃபைனலுக்குப் போச்சு. அதுவே பெரிய விஷயம், ஏன்னா அந்த சீசன்ல ஒரு கட்டத்துல பாயின்ட் டேபிள்ல அடில கிடந்தாங்க, கடைசில வரிசையா ஜெயிச்சுதான் 22 பாயின்ட்டோட மூணாவது இடம் பிடிச்சாங்க. செமி ஃபைனல் முதல் மேட்ச் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல நடக்க வேண்டியது, வெள்ளத்தால புனேக்கு மாத்திட்டாங்க. சொந்த ஊர் மேட்ச்சை வேற ஊர்ல ஆடுனாங்க, ஆடி கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சாங்க, பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா ஆளுக்கு ஒண்ணு. அடுத்து கொல்கத்தா போய் 2-1ன்னு தோத்தும் மொத்தக் கணக்குல 4-2ன்னு ஃபைனலுக்கு வந்துட்டாங்க.

ஃபைனல் கோவாவுல, கோவா டீமோட சொந்த கிரவுண்ட் ஃபடோர்டால. அவங்களுக்கு கோச் பிரேசில் ஜாம்பவான் ஸீக்கோ, நமக்கு 2006ல இத்தாலிக்கு உலகக் கோப்பை ஜெயிச்சுக் கொடுத்த மடெராஸி. ஞாயித்துக்கிழமை. எங்க டிவி குப்பைக்குப் போயிருந்ததால மாடி வீட்டு அக்கா ஹால்ல பதினெட்டு பேர் உக்காந்து பாத்தோம், அதுல பாதி பேருக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது. 54வது நிமிஷம் நமக்குப் பெனால்ட்டி, கோவா கீப்பர் கட்டிமணி தடுத்துட்டார், திரும்பி வந்த பந்தை பெலிசாரி உள்ள தள்ளிட்டார். கத்தி முடிக்கல, நாலே நிமிஷத்துல ஹாவோகிப் சமன் பண்ணிட்டார். அப்புறம் நமக்கு இன்னொரு பெனால்ட்டி, அதையும் கட்டிமணி பிடிச்சிட்டார். 87வது நிமிஷம் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்ல கோல், கோவா 2-1. ஹால்ல ஒருத்தர் எழுந்து செருப்பு மாட்ட ஆரம்பிச்சிட்டார். "எல்லாம் போன வருஷத்துல இதுவும் போகட்டும்"னு அக்கா சொன்னது இன்னும் காதுல இருக்கு.

90வது நிமிஷம் கோவா கோல் முன்னாடி கும்பலா மோதுனதுல பந்து கட்டிமணி மேலயே பட்டு உள்ள போயிடுச்சு, 2-2. எக்ஸ்ட்ரா டைம்னு நெனச்சு மூச்சு விடுறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் தள்ளி மெண்டோசா போட்டார் பாருங்க, 3-2. செருப்பு மாட்டுனவர் செருப்போடயே ஹால்ல குதிச்சார். சேறு வாடை இன்னும் போகாத தெருவுல ஜனங்க வெளிய வந்து விசில் அடிச்சாங்க, இருபது நாளா அந்தத் தெருவுல சிரிப்புச் சத்தமே கேக்கல, அன்னைக்குத்தான் கேட்டேன். உங்க அப்பா கண்ணு கலங்குறது இதுக்குத்தான் தம்பி.

கே: லீக்ல மூணாவது வந்த டீமை சாம்பியன்னு சொல்றது சரியா? கோவாதானே முதல் இடம்? – வாசகர், அயனாவரம்

சரிதான் சார். அப்ப போட்டியோட விதியே அதுதான், லீக்ல முதல் நாலு டீம் செமி ஃபைனல் போகும், ஃபைனல் ஜெயிக்கிறவங்களுக்குக் கப். லீக்ல முதல் இடம் வர்றவங்களுக்குத் தனியா ஷீல்டு கொடுக்குற வழக்கம் 2019-20ல தான் வந்துச்சு. நீங்க சொல்ற நியாயம் எனக்குப் புரியுது, கோவா அந்த சீசன் பூரா நல்லா ஆடுன டீம், அதை ஒத்துக்குறேன். ஆனா அதே விதில முதல் வருஷம் நாமளும் அடி வாங்கியிருக்கோம். 2014ல லீக்ல முதல் இடம் நாமதான், செமில கேரளாகிட்ட அங்க 3-0ன்னு தோத்து, இங்க நேரு ஸ்டேடியத்துல 3-0ன்னு திருப்பி அடிச்சு, எக்ஸ்ட்ரா டைம்ல 117வது நிமிஷம் அவங்க பியர்சன் ஒரு கோல் போட்டு நம்மளை வெளிய அனுப்பிட்டார். அன்னைக்கு ஸ்டாண்ட்ல அழுதவங்கதான் அடுத்த டிசம்பர்ல சிரிச்சாங்க.

கே: இந்த 2025 டிசம்பர்ல லீக்கே இன்னும் ஆரம்பிக்கல. டீம் கிரவுண்ட்லயே இல்லாதப்ப ஆண்டு விழா கொண்டாடுறதுல என்ன இருக்குன்னு என் ஃப்ரெண்ட்ஸ் கேக்குறாங்க. – வாசகர், பெரம்பூர்

உங்க ஃப்ரெண்ட்ஸ் கோவத்துல பேசுறாங்க, அந்தக் கோவம் எனக்கும் இருக்கு. இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனுக்கும் லீக் நடத்துற கம்பெனிக்கும் நடுவுல இருந்த ஒப்பந்தம் முடியப்போற நேரத்துல அடுத்து என்னன்னு முடிவு ஆகாம ஜூலைல சீசனையே நிறுத்தி வெச்சாங்க, பாதிக்கப்பட்டது பிளேயரும் கிரவுண்ட் வேலை பாக்குறவங்களும் நாமளும்தான். ஆனா அதுக்காக டிசம்பர் 20ஐ விடலாமா? என்னைக் கேட்டா இந்த வருஷம்தான் கண்டிப்பா கூடணும். மேட்ச் இருக்குற வருஷம் மேட்ச்சே ஜனங்களைக் கூட்டிடும், மேட்ச் இல்லாத வருஷம் ஞாபகம்தான் கூட்டணும், நாம யாரும் போகலன்னா இந்த ஊர்ல ஃபுட்பாலுக்கு ஆளே இல்லன்னு எழுதி முடிச்சிடுவாங்க. கிளப் எதாவது பண்ணும்னு காத்திருக்காதீங்க. பழைய நீல ஜெர்சி பெட்டில இருக்கும், தொவச்சுப் போட்டுக்கிட்டு சாயந்திரம் ஸ்டேடியம் கேட் முன்னாடி பத்து பேர் நில்லுங்க, சென்ட்ரல்ல இறங்கி நடந்தே வந்துடலாம். போற வர்றவங்க யாராவது ஒருத்தர் நின்னு "என்னப்பா விசேஷம்"னு கேப்பாங்க, அவங்களுக்குச் சொல்லுங்க.

கே: அன்னைக்கு கட்டிமணி போட்ட ஓன் கோலை வெச்சு ஒரு பேனர் அடிக்கலாம்னு எங்க குரூப்ல பேச்சு. ஓகேவா? – வாசகர், ராயபுரம்

வேண்டாம் தம்பி. ஒரே மேட்ச்ல ரெண்டு பெனால்ட்டியைத் தடுத்த மனுஷன் அவர், அவர் இல்லன்னா கடைசி நிமிஷம் வரைக்கும் அந்த ஃபைனல் போயே இருக்காது. தோத்த டீமோட வலிய வெச்சு பேனர் அடிக்கிறது நம்ம ஸ்டாண்டுக்கு அழகு இல்ல. 117வது நிமிஷ வலி நமக்கும் தெரியும்ல. அந்தத் துணில மெண்டோசா படம் போடுங்க, அந்த சீசன் 13 கோல் அடிச்சு, அதிக கோல் அடிச்சவருக்குக் கொடுக்குற கோல்டன் பூட் வாங்குனவர்.

கே: 2015 கப் பெருசா, 2018ல ஜெயிச்ச ரெண்டாவது கப் பெருசா? – வாசகி, அண்ணா நகர்

ஆட்டமா பாத்தா 2018. பெங்களூர்ல அவங்க ஸ்டேடியத்துல, லீக்ல முதலா வந்த டீம் கூட ஃபைனல், ஒன்பதாவது நிமிஷமே அவங்க சேத்ரி கோல் அடிச்சும் பதறாம நம்ம மைல்சன் ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணுன்னு 3-2 முடிச்சாங்க. மனசுக்கு 2015 தான். அன்னைக்கு ஜெயிச்சது டீம் மட்டும் இல்லன்னு எனக்கு ஒரு எண்ணம், அதை மாத்திக்க முடியல.

கே: "சென்னையின்"னு பேர் பாதில நிக்கிற மாதிரி இருக்கே, ஏன்? – வாசகர், மயிலாப்பூர்

சென்னையோடது, சென்னைக்குச் சொந்தமானதுன்னு அர்த்தம் சார். பின்னாடி எஃப்சி சேர்ந்தா "சென்னையின் ஃபுட்பால் கிளப்"னு முழுசாயிடும். இங்கிலீஷ்ல எழுதியும் தமிழ் வேற்றுமை உருபு உள்ள உக்காந்திருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர்.

கே: என் பையன் அஞ்சாவது படிக்கிறான். வீட்டுல எல்லாரும் கிரிக்கெட், இவன் மட்டும் ஃபுட்பால். அந்த நாள்ல அவனை எங்க கூட்டிட்டுப் போகட்டும்? – வாசகி, கொளத்தூர்

காலைல வியாசர்பாடி கூட்டிட்டுப் போங்கம்மா, உங்களுக்குப் பக்கம்தான். அங்க பசங்க விடிஞ்சதுலேர்ந்து பந்தை உதைச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்த ஏரியாவுல வளந்த தனபால் கணேஷ்தான் 2018 செமி ஃபைனல்ல நேரு ஸ்டேடியத்துல கோவாவுக்கு எதிரா கோல் அடிச்சார். நம்ம ஊர் பையன் நம்ம ஊர் ஸ்டேடியத்துல கோல் அடிச்சதை உங்க பையன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. முடிஞ்சா அவனையும் அந்தப் பசங்க கூட அரை மணி நேரம் ஆட விடுங்க, சட்டை அழுக்காகும், பரவால்ல.

ராத்திரி வீட்டுல அந்த ஃபைனலோட ஹைலைட்ஸ் போட்டு விடுங்க, கிரிக்கெட் பாக்குற வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வைங்க. ரிசல்ட் மட்டும் முன்னாடியே சொல்லிடாதீங்கம்மா. 87வது நிமிஷம் ஜோஃப்ரே கோல் அடிச்சதும் பையன் எழுந்து போகப் பாப்பான், கையைப் பிடிச்சு உக்கார வைங்க.