வாசகர் கேள்வி பதில்: வில்லனிடமும் நியாயம் இருந்தால்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'ரெனகேட்ஸ்' என்ற ஆங்கில நாவலின் மூன்று பாகங்களையும் விடுமுறையில் படித்து முடித்துவிட்டாள். அதில் கதாநாயகியே சூப்பர்ஹீரோக்களை ஒழித்துக்கட்டத் திட்டம் போடுகிறவளாம். கேட்டால், "அவ பக்கமும் நியாயம் இருக்கும்மா" என்கிறாள். இந்த மாதிரிக் கதைகள் பிள்ளைகள் மனதைக் கெடுத்துவிடாதா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: கெடுக்காது. உங்கள் மகள் சொன்ன அந்தப் பதிலே அவள் கவனமாகப் படித்திருக்கிறாள் என்று காட்டுகிறது. மரிஸ்ஸா மேயர் எழுதி 2017 முதல் 2019 வரை வெளிவந்த நாவல்கள் இவை. கதாநாயகி நோவாவுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா, அம்மா, கைக்குழந்தையான தங்கை மூவரும் வீட்டிலேயே கொல்லப்படுகிறார்கள். ரெனகேட்ஸ் என்கிற சூப்பர்ஹீரோக்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்று அந்தக் குழந்தை மனசார நம்பிக் காத்திருக்கிறது, ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவளை எடுத்து வளர்ப்பவர், ஹீரோக்கள் யாரை ஊரின் பெரிய எதிரி என்கிறார்களோ அவர். அவளுடைய அப்பாவின் உடன்பிறந்தவர். இப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஹீரோக்கள் மேல் கோபம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவள் உளவு பார்க்க அந்த ஹீரோக்கள் கூட்டத்திலேயே போய்ச் சேர்கிறாள். அங்கே அவர்களுடைய தலைவர்களின் வளர்ப்பு மகன் ஏட்ரியன், நல்லவன்தான், ஆனால் அவனே வேறு ஒரு வேடம் போட்டுக்கொண்டு, தன் ஆட்கள் வகுத்த விதிகளை ரகசியமாக மீறிக்கொண்டிருக்கிறான். இரண்டாம் பாகத்தில் ஹீரோக்கள் ஒரு மருந்து தயாரிக்கிறார்கள். கெட்டவன் என்று அவர்கள் முடிவு செய்கிற ஆளின் சக்தியை அது நிரந்தரமாகப் பறித்துவிடும். விசாரணை கிடையாது. சட்டம் போடுவதும் பிடிப்பதும் தண்டிப்பதும் ஒரே கூட்டம் என்றால் அவர்களைத் தட்டிக்கேட்பது யார்? பதினான்கு வயதில் ஒரு பெண் இதை யோசிக்கிறாள் என்றால் நான் சந்தோஷப்படுவேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நோவா செய்ததில் எதை உன்னால் மன்னிக்கவே முடியவில்லை என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். நோவாவை நம்பிப் பழகியவர்கள் அவளுடைய பொய்யால் எப்படிக் காயப்படுகிறார்கள் என்பதை அந்த நாவல் மறைக்கவில்லை, அதனால் பேச நிறைய இருக்கும்.

கேள்வி: எங்கள் காலத்தில் காமிக்ஸ் என்றால் நல்லவன் நல்லவன், கெட்டவன் கெட்டவன். இந்தக் குழப்பமெல்லாம் இப்போது வந்த மோகம்தானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, நீங்கள் முத்து காமிக்ஸ் படித்த தலைமுறை என்று நினைக்கிறேன். இரும்புக்கை மாயாவியை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற அந்த லூயி கிராண்டேல், 1962-இல் பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் அறிமுகமானபோது குற்றவாளியாகத்தான் வந்தார். அரசுக்காக உளவு வேலை பார்க்கிற மாயாவி பிறகு வந்தவர். லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய ஸ்பைடரும் அப்படித்தான். 1965-இல் பிரிட்டனில் கதை தொடங்கியபோது குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே பிறகு ஸ்பைடருக்குக் கதை எழுதினார்.

நீங்கள் சொல்கிற கறுப்பு வெள்ளைப் பிரிவு அமெரிக்காவில் கொஞ்சம் வலிந்து உண்டாக்கப்பட்டது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரிய கூச்சல் எழுந்து, 1954-இல் பதிப்பாளர்களே கூடித் தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டார்கள். குற்றவாளி மேல் வாசகனுக்கு அனுதாபம் வரக் கூடாது, எப்போதும் நன்மைதான் வெல்ல வேண்டும் என்று அதில் எழுதியே வைத்தார்கள். பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்டவர்களைப் பற்றிய எக்ஸ்-மென் கதைகளில் 1963-இல் வெறும் வில்லனாக வந்த மேக்னெட்டோ, நாஜி வதைமுகாமில் இருந்து தப்பிப் பிழைத்தவர் என்று 1980-களில்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது. அதைப் படித்த பிறகு அவர் செய்கிற அழிவு சரியாகிவிடவில்லை. ஆனால் மனிதர்கள் மீண்டும் அதையே செய்வார்கள் என்று அவர் பயப்படும்போது, உங்கள் பயம் வீண் என்று யாராலும் அவரிடம் சொல்ல முடியாது.

கேள்வி: 'ரெனகேட்ஸ்', 'ஸ்டீல்ஹார்ட்', எதை முதலில் படிக்கலாம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: வேகமாக ஓடுகிற கதை வேண்டுமென்றால் பிராண்டன் சாண்டர்சனின் 'ஸ்டீல்ஹார்ட்' (2013). சக்தி கிடைத்தவர்கள் எல்லோருமே கொடுமைக்காரர்களாக மாறிவிட்ட உலகம், சாதாரண மனிதர்கள்தான் எதிர்த்து நிற்கிறார்கள். ஹீரோக்கள் ஒருநாள் வருவார்கள் என்று நம்பிய தகப்பன், எட்டு வயது மகனின் கண்ணெதிரிலேயே சாகிறார். எனக்கு 'ரெனகேட்ஸ்'தான் கூடுதலாகப் பிடிக்கும், இரண்டு பக்கத்திலும் மாறி மாறி நிற்க வைக்கிறது.

கேள்வி: நான் ஒரு சூப்பர்ஹீரோ நாவல் எழுதுகிறேன். வில்லனுக்குச் சோகமான குழந்தைப் பருவம் கொடுத்திருக்கிறேன். படித்த நண்பர்கள், "அவன் மேல பரிதாபமே வரலடா" என்கிறார்கள். எங்கே தவறு?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: தம்பி, சோகம் மட்டும் போதாது. 'மை ஹீரோ அகாடமியா'வின் ஷிகராகியை எடுத்துக்கொள்ளுங்கள் (கோஹெய் ஹொரிகோஷி 2014-இல் தொடங்கி 2024-இல் முடித்த மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ்). சிறுவனாக இருக்கும்போது, கட்டுப்படுத்தத் தெரியாத தன் சக்தியால் குடும்பத்தையே இழந்துவிட்டுத் தெருவில் அலைகிறான். பார்க்கிறவர்கள், யாராவது ஒரு ஹீரோ வந்து பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கிப் போகிறார்கள். கடைசியில் கை நீட்டுகிறவன் ஒரு மகா கெட்டவன். நம்மை உலுக்குவது அந்தத் தெருதான், ஏனென்றால் நாமும் அப்படி ஒதுங்கிப் போயிருக்கக்கூடியவர்கள். நோவாவுக்கு நடந்ததும் இதேதான், வர வேண்டியவர்கள் வரவில்லை. உங்கள் வில்லனுக்கு யார் வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை? அந்த ஆள் உங்கள் ஹீரோவாகவோ ஹீரோவின் குருவாகவோ இருந்தால் கதை தானாக இறுகும்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வில்லனின் பழைய கதையை உருகி உருகி எழுதிவிட்டு, அவன் கொன்றவர்களை எண்ணிக்கையாக விட்டுவிடுகிறார்கள். அவன் வங்கிக்குள் நுழையும்போது வாசலில் விழுகிற காவலாளிக்கு ஒரு பெயர் வையுங்கள், அடுத்த அத்தியாயத்தில் அவருடைய மகள் ஹீரோவிடம் வந்து, நீங்கள் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கேட்கட்டும்.