டின் சோளத்தில் சைனீஸ் சூப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கிரீம் ஸ்டைல் ஸ்வீட்கார்ன் டின் வாங்கி சூப் வைத்தால், ஹோட்டலில் வருவதுபோல முட்டை இழை இழையாக மிதப்பதில்லை. பொடிந்து சூப்பே கலங்கிவிடுகிறது. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: டின்மேல் பழி வேண்டாம். ஹாங்காங் வீடுகளிலேயே இந்த சூப்புக்கு டின் சோளம்தான். நீங்கள் முட்டையை முந்தி ஊற்றியிருப்பீர்கள். இல்லையென்றால் தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றியிருப்பீர்கள்.

400 கிராம் டின் ஒன்றுக்கு 3 கப் (750 மி.லி.) தண்ணீர் அல்லது கோழி வேகவைத்த சாறு, நாலு பேருக்கு வரும். சோளத்தோடு துருவிய இஞ்சி 1 டீஸ்பூன் போட்டுக் கொதிக்க விடுங்கள். கோழிக் கொத்துக்கறி சேர்ப்பதானால் 100 கிராம் போதும். அதை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் பிசைந்து தளர்த்திவிட்டு ஊற்றுங்கள். அப்படியே போட்டால் உருண்டை கட்டும். 3 நிமிடம் வேகட்டும். டின் சோளத்தில் பெரும்பாலும் உப்பும் சர்க்கரையும் இருக்கும், அதனால் ருசி பார்த்த பிறகே உப்பு.

அடுத்து 1½ மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை 3 மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஊற்றும் நேரத்தில் மறுபடி அடியோடு கலக்கி (மாவு அடியில் தங்கிவிடும்), கிளறிக்கொண்டே சேருங்கள். வெள்ளை கார்ன்ஃப்ளார்தான்; மஞ்சள் மக்காச்சோள மாவு உதவாது. ஒரு நிமிடம் கொதித்தால் மாவு வாடை போய் சூப் பளபளக்கும்.

முட்டை இதற்குப் பிறகுதான். 2 முட்டையை நுரை எழும்பாமல் கலக்குங்கள். அடுப்பு சிம்மில், ஓரத்தில் மட்டும் குமிழ் வர வேண்டும். ஒரு சாண் உயரத்திலிருந்து நூல்போல வட்டமாக ஊற்றி, 10 விநாடி கரண்டியைத் தொடாதீர்கள். பிறகு ஒரே ஒரு சுற்று, அடுப்பை அணையுங்கள். கெட்டியான சூப் முட்டையை விழுந்த இடத்திலேயே தாங்கி வேகவைக்கும். நீர்த்த சூப்பில், அதுவும் கொதியில், சிதறத்தான் செய்யும்.

வெள்ளை மிளகுத்தூள் ¼ டீஸ்பூன், கடைசியில். சீனர்கள் சொட்டும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது; நம் நல்லெண்ணெய் அந்த மணம் தராது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், சூப் ஒன்றும் குறைந்துபோகாது.

கேள்வி: டின் மூங்கில் குருத்தும் காளானும் போட்டு ஹாட் அண்ட் சோர் சூப் செய்தேன். ஒரே டின் வாடை, புளிப்பும் மந்தம்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டின்னில் உள்ள நீரை முழுக்க வடித்துக் கொட்டுங்கள். குருத்தைக் கழுவி, தனித்தண்ணீரில் 2 நிமிடம் கொதிக்கவைத்து மறுபடி வடித்தால் வாடை போகும். குருத்தின் இடுக்கில் வெள்ளைத் துகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது டைரோசின் என்ற அமினோ அமிலம், பூஞ்சை அல்ல. காளானுக்குக் கழுவினாலே போதும்.

வினிகர் கொதியில் மணம் இழந்துவிடும். நெடுநேரம் கொதித்தால் அதன் புளிப்பு கார்ன்ஃப்ளாரின் கெட்டியையும் உடைக்கும். ஆகவே 1 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி வினிகரையும் 1 டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூளையும் பரிமாறும் பாத்திரத்தில் முதலில் போட்டு, அதன்மேல் சூடான சூப்பை ஊற்றுங்கள். கறுப்பு வினிகர் கிடைத்தால் நல்லது. வெள்ளை வினிகர் என்றால் பாதி அளவில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

கேள்வி: மீந்த சூப் மறுநாள் தண்ணீராகிவிடுகிறதே?
– வாசகி, மதுரை

பதில்: வாயில் வைத்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டிருப்பார்கள். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். அப்படி இல்லாமலும், குளிர்ந்த கார்ன்ஃப்ளார் சற்று நீர் விடும். 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைத்துவிட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டால் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: பாதி டின்னை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம், தகர ருசி ஏறும். மூடி உள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றினால் 3 நாள் தாங்கும். உப்பிய டின், தகடு இணையும் தையலில் நசுங்கிய டின், திறக்கும்போது பீறிடும் டின் எதையும் ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். கெட்ட டின் உணவில் கிருமி உண்டாக்கும் பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை.