கைமரம் 9 அடியா, 12 அடியா?

கேள்வி: சாய்வுக் கூரை போட மரம் வாங்க வேண்டும். வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 16 அடி, நடுவில் ஏற்றம் 4 அடி, இறவாரம் ஒன்றரை அடி வெளியே நீள வேண்டும். முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் கைமரம் 8 அடி 11 அங்குலம் என்கிறது கைபேசிச் செயலி, தச்சரோ 12 அடி மரம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? காசு கட்டிய செயலி என்றால் சரியாகச் சொல்லுமா?

பதில்: ஏமாற்றவில்லை. செயலியும் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. பாதி அகலம் 8, ஏற்றம் 4. 64ஐயும் 16ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 8.94 அடி. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான், இதற்குப் போய்க் காசு கட்டாதீர்கள். ஆனால் இது சுவர் விளிம்பு வரைக்கும்தான். இறவாரத்தைச் சேர்த்தால் கிடைநீளம் 9½ அடி, இந்தச் சாய்வுக்கு அதை 1.118ஆல் (8.94ஐ 8ஆல் வகுத்தது) பெருக்க 10 அடி 7½ அங்குலம் வரும். உச்சியில் இரு பக்கக் கைமரங்களுக்கும் நடுவே ஓடும் முகட்டுச் சட்டம் 2 அங்குலத் தடிமன் என்றால் அதன் பாதிக்காகச் சுமார் 1 அங்குலம் கழியும். அப்புறம் மேல் நுனி, கீழ் நுனி இரண்டையும் செங்குத்தாக நிற்கும்படி சாய்த்து வெட்ட, 5 அங்குல அகல மரத்தில் இன்னும் 2½ அங்குலம் வேண்டும். 11 அடி மரத்தில் மிஞ்சுவது 3 அங்குலம், நுனியில் ஒரு வெடிப்பு இருந்தால் போச்சு. அதனால்தான் 12.

நாலு பக்கமும் சரிகிற கூரையா? அப்படியானால் மூலைக் கைமரத்துக்கு 12 அடியும் போதாது, இதே சாய்வில் 9½ஐ ஒன்றரையால் பெருக்குங்கள், 14¼ அடி.

சுவர்மேல் உட்கார வெட்டும் பள்ளம் மரத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதலில் ஒரு ஜோடி மட்டும் வெட்டி மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பொருந்தினால் அதில் ஒன்றையே அச்சாக வைத்து மற்றதெல்லாம் வெட்டலாம். நான் ஒருமுறை வெட்டிய மரத்தை அடுத்ததன்மேல் வைத்து, அதை அதற்கடுத்ததன்மேல் வைத்து என்று கோடு போட்டுக்கொண்டே போனேன், பென்சில் கோட்டின் தடிமன் ஒவ்வொன்றிலும் சேர்ந்து கடைசி மரம் கால் அங்குலம் நீண்டுவிட்டது.

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் செங்கோணம் பார்க்க நல்ல மூலைமட்டம் வாங்குங்கள். கடையிலேயே நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு, அப்படியே புரட்டிப் போட்டு அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.