திருகோணமலையில் இருக்கிற வயதான அப்பா அம்மாவுக்குப் பழைய ஜீப் ஒன்று எடுப்பதென்றால் எதை எடுக்கலாம்?

அப்பாவுக்கு 72 வயது, இன்னும் தானே வாகனம் ஓடுகிறார், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வீடு உப்புவெளிப் பக்கம், நீங்கள் கனடாவில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹொண்டா வெசல், டொயோட்டா சிஎச்ஆர், பழைய டொயோட்டா பிராடோ, இந்த மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி. எனக்கு மூன்றுமே சரியாகப் படவில்லை. 2006-க்குப் பிறகு வந்த ஹொண்டா சிஆர்-வி அல்லது டொயோட்டா ராவ்4, அதுவும் அடியில் துரு இல்லாமல் கிடைத்தால், அதை எடுங்கள்.

எஞ்சினைப் பார்க்க முதல் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். அக்குவா, அக்சியோ மாதிரிக் கார்களில் குந்தித்தான் இருக்க வேண்டும், எழும்பும்போது முழுப் பாரமும் முழங்காலில்தான் விழும். பிராடோ, மொண்டெரோவில் தொங்கி ஏற வேண்டும். பக்கத்தில் பூட்டிய படி உதவும் என்று வாகனம் விற்கிறவர்கள் சொல்வார்கள். சேலை கட்டிக்கொண்டு ஒரு கால் படியிலும் மற்றக் கால் உள்ளேயுமாக நிற்கிற அந்த ஒரு நொடிதான் விழுகிற நொடி. சிஆர்-வி, ராவ்4 மாதிரி நடுத்தர ஜீப்பில் இந்த இரண்டு கரைச்சலும் இல்லை. என் அம்மா முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு முதுகைச் சீட்டுப் பக்கம் திருப்பி, சீட் விளிம்பில் இருந்துகொண்டு, பிறகுதான் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கிறார். அதற்குச் சீட் அவர் சுகமாக எழும்புகிற கதிரையைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரமாக இருந்தால் போதும். ஊரில் யாரிடமாவது சொல்லி அந்தக் கதிரையை அளந்து வையுங்கள்.

சிஎச்ஆரின் பின்கதவுக் கைபிடி ஜன்னல் மூலையில், தோளுக்கு மேலே ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். தோள்மூட்டு வலி உள்ளவர்களால் அதை எட்டிப் பிடித்து இழுப்பது கஷ்டம். பின்சீட்டில் இருந்தால் ஜன்னல் சின்னது, உள்ளுக்குள் இருட்டு. வெசலிலும் பின்கைபிடி மேலேதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. வெசலில் என் தயக்கம் கியர் பெட்டியைப் பற்றியது. 2013 கடைசியில் வந்த முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கியர். அது வந்த புதிதில் ஜப்பானிலேயே திரும்பத் திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற ஓட்டம் அதற்கு ஒத்துவராது, உங்கள் அப்பாவின் ஓட்டமோ பெரும்பாலும் அதுதான். சேஸ் நம்பர் ஆர்யூ3 என்று தொடங்கினால் ஹைபிரிட், ஆர்யூ1 என்றால் வெறும் பெற்றோல், இதில் அந்தக் கியர் இல்லை. வெசல்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் ஆர்யூ1 தேடுங்கள். ஹைபிரிட்டில் மிச்சமாகிற எண்ணெய்க் காசு கோவில், சந்தை, ஆஸ்பத்திரி என்று ஓடுகிறவர்களுக்குப் பெரிய கணக்கில்லை.

ரஷ், டெரியோஸ் பற்றியும் ஆட்கள் சொல்வார்கள். லேசில் பழுதாகாத வண்டிதான், ஆனால் குலுக்கல் கூட. நாரி வலி உள்ளவர்களை அதில் ஹபரணை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனால் அவர்களே சொல்வார்கள்.

இனித் துரு. திருமலையில் வாகனம் எடுக்கிறவர்கள் எல்லாவற்றையும்விடக் கூடப் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் ஹோட்டல் ஓட்டம் ஓடிய வண்டிகள் மேலே பளபளவென்று இருக்கும். கராஜில் தூக்கிவைத்து, டோர்ச் அடித்து, பின்சில்லுக்கு மேலே உள்ள வளைவு, சஸ்பென்ஷன் கைகள் பூட்டுகிற இடம், பிரேக் குழாய்கள், இவற்றைப் பார்க்க வேண்டும். திருப்புளியின் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்டால் அந்த வண்டி வேண்டாம். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் பிறகு பேச ஒன்றுமில்லை. கண்டி, நுவரெலியாப் பக்கம் ஓடிய வண்டி கொஞ்சம் விலை கூடினாலும் எனக்கு விருப்பம்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்ததில் இருந்து வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் பிடிபட்டுவிடும். முன்சீட்டு நகர்கிற தண்டவாளத்திலும், ஸ்பெயார் சில்லுக் குழியிலும் துருவோ மண்ணோ இருந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று, இங்கே பலர் யோசிக்காதது. தக்காட்டா நிறுவனத்தின் எயார்பேக். அதை ஊதச் செய்கிற மருந்து அமோனியம் நைட்ரேட். வருடக் கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போய், விபத்து நேரம் பேக்கை விரிப்பதோடு நிற்காமல் இரும்புத் துண்டுகளையும் முகத்தில் அடிக்கும். எங்கள் ஊர்க் காலநிலையே அதுதானே! உலகம் முழுக்கத் திருப்பி அழைத்த வண்டிகளில் நான் சொல்கிற சிஆர்-வியும் உண்டு. ஹொண்டாவின் ஜப்பான் இணையத்தளத்தில் சேஸ் நம்பரைப் போட்டால் மாற்றியாயிற்றா, பாக்கியா என்று தெரியும். பாக்கி என்றால் விலை பேசும்போதே ஏஜென்ட்டிடம் மாற்ற வழி கேட்டுவிடுங்கள்.

மீட்டரை நம்ப வேண்டாம். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலத்தாள் இருக்கும், சேஸ் நம்பரைக் கொடுத்துக் காசு கட்டி எடுப்பித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருக்கிற கிலோமீட்டரையும் இப்போது காட்டுகிறதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, சொந்த வாகனங்களுக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஓட்டை வண்டிக்கும் தங்க விலை. மீட்டரைப் பின்னுக்குச் சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல காலம்.

பார்க்கப் போனால் விடியக் காலையில், சொல்லாமல் போங்கள். பொனட்டில் கை வையுங்கள், சுட்டால் உங்களுக்கு முதலே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். ராவ்4-இல் 2.4 எஞ்சின் என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறதா என்று ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பாருங்கள், சைலன்சரில் நீலப் புகை வந்தால் விட்டுவிடுங்கள். உவர்மலை ஏற்றத்தில் ஏசி முழுக்கப் போட்டபடி மெதுவாக ஏற்றி, பாதியில் நிறுத்தி, திரும்ப எடுத்துப் பாருங்கள். 2006-க்கு முந்திய சிஆர்-வி ஒன்று மலிவாக வந்தால் ஏசிக் கம்ப்ரெசரைக் கூடக் கவனியுங்கள். அது உடைந்தால் இரும்புத் தூள் குழாய் முழுக்கப் போய், ஏசியையே முழுதாக மாற்ற வேண்டி வரும். டயரில் பூ தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது கிழமை செய்தது. குறைய ஓடிய வண்டிகளில் டயர் தேயாமலே கிழடாகிவிடும்.

சாமான் கிடைக்குமா என்ற கவலை இந்த இரண்டு வண்டிக்கும் இல்லை. எங்கள் கராஜ் பாஸ் கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல் எடுப்பார், இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், விடியப் போய் எடுக்கலாம். கொரிய ஜீப்புகளுக்கு இந்தச் சுகம் எப்போதும் கிடைப்பதில்லை.

வாகனப் பதிவுப் புத்தகம்: லீசிங் இருந்த வண்டி என்றால் கட்டி முடித்த கடிதம் கையில் வராமல் அட்வான்ஸுக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறி வந்த வண்டியை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். பதிவை அப்பாவின் பெயரிலேயே போடுங்கள். ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ், வரி அனுமதிப்பத்திரம் என்று அலையப் போவது அவர்தான். உங்கள் பெயரில் இருந்தால், நாளைக்கு விற்கிற நேரம் ஒரு கையெழுத்துக்காக நீங்கள் கனடாவில் இருந்து வர வேண்டி வரலாம்.