புயல் வெள்ளம் புகுந்த கிணறு: இறைத்துக் கொட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: ஓமானில், பாத்தினா கடற்கரையில் சுவைக் பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எலுமிச்சையும் கொஞ்சம் உண்டு. 2021-இல் ஷாஹீன் புயல் வந்தபோது தோட்டமும் கிணறும் வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் அர்பாப் (தோட்ட முதலாளி) சொன்னபடி இரண்டு மோட்டார் வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்துக் கொட்டினோம். கலங்கல் போய்விட்டது, ஆனால் கரிப்பு ஏறிவிட்டது. இன்னும் முழுதாகக் குறையவில்லை. அடுத்த புயல் வந்தால் என்ன செய்வது? கிணற்றுத் தண்ணீரை எப்போது குடிக்கலாம், மரத்துக்கு எப்போது பாய்ச்சலாம்?

பதில்: அடுத்த முறை கிணற்றை அடிவரை இறைக்காதீர்கள். இதை அர்பாபிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். புயல் வந்த பிறகு யாருக்கும் பொறுமை இருக்காது.

கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர் தனியாக நிற்பதில்லை. அதற்கு அடியில் கடல் நீர் இருக்கிறது. நல்ல நீர் எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், அதன் அழுத்தம் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பு நீரை அமுக்கி வைக்கும். நீங்கள் இறைத்து அந்த 1 மீட்டரை அரை மீட்டராக்கி, அப்படியே நீடிக்க விட்டால், உப்பு எல்லை காலப்போக்கில் 20 மீட்டர் வரை மேலே வந்துவிடும். வேகமாக இறைத்தால் மற்ற இடங்களுக்கு முன்பாகக் கிணற்றுக்கு நேர் அடியில் உப்பு மேலெழும். பாத்தினாவில் பல பத்தாண்டுகளாக விவசாயத்துக்கு அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கிறது. அதன் மேல் நீங்கள் இரண்டு மோட்டார் வைத்திருக்கிறீர்கள். கரிப்பு ஏறியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம் இதே கதைதான். நல்ல எண்ணத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் அது பயன் தராததோடு உப்பையும் கூட்டியது. கிணறுகளைத் தேற்றியது பெரும்பாலும் அடுத்து வந்த பருவமழைதான்.

உங்கள் ஊருக்கு அப்படி ஒழுங்கான பருவமழை கிடையாது. பாத்தினாவில் ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஷாஹீனின்போது அதே பாத்தினாக் கரையிலுள்ள காபூராவில் 24 மணி நேரத்தில் 369 மில்லிமீட்டர் கொட்டியது. எத்தனையோ வீடுகளை அழித்த மழை அது, அந்த இழப்பைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை வறண்ட கடற்கரைக்குப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் வரவு அது. அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி உப்பைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும் வேளையில் நாம் மோட்டார் போட்டு வெளியே கொட்டுவதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, முதல் நாள் என்ன செய்வது? தோட்டத்துக்கு ஓடாதீர்கள். வானம் வெளுத்த பிறகும் ஹஜர் மலையில் பெய்த மழை வாதி (மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறு) வழியாக இறங்கி வரப் பல மணி நேரம் ஆகலாம். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே கார் மிதக்கத் தொடங்கிவிடும். வாதியில் தெரிந்தே வண்டியை இறக்குவது ஓமானில் சிறைத் தண்டனை வரை போகும் குற்றமும்கூட. ஆபத்தென்றால் 9999-ஐ அழையுங்கள். தோட்டத்துக்குப் போனதும், மூழ்கிய மோட்டாரை எலக்ட்ரீஷியன் சோதிக்கும்வரை சுவிட்சைத் தொட வேண்டாம். கிணற்றுக்குள் யாரும் இறங்கவே கூடாது. கிணற்றுக்குள்ளோ அதன் விளிம்பிலோ டீசல் இன்ஜினை ஓட்டவும் கூடாது. புகையும் அடியில் தேங்கிய கெட்ட காற்றும் ஆளைக் கொன்றுவிடும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் சாவது இப்படித்தான்.

அடுத்து, வந்தது எந்த வெள்ளம் என்று பாருங்கள். வாதி வெள்ளத்தில் சேறும் கிருமியும் இருக்கும், உப்பு அதிகம் இருக்காது. கடல் ஏறி வந்த தண்ணீர் என்றால் உப்புதான் பிரச்சினை. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், ஒரு ஈசி மீட்டர் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உப்பைக் காட்டும் சிறு கருவி) வாங்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் டெசிசீமன்ஸ் கணக்கில் கடல் நீருக்கு 50-க்கு மேல் இருக்கும். மைக்ரோசீமன்ஸில் காட்டும் மீட்டரானால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைக்கு 1-ஐத் தாண்டியதுமே காய்ப்பு குறையத் தொடங்கும். பேரீச்சை 2.7 வரை இழப்பில்லாமல் தாங்கும், அதற்கு மேலும் உயிரோடு இருக்கும், மகசூல்தான் குறையும்.

வாதி வெள்ளம் மட்டும் என்றால், சேறு அடியில் படிய விட்டு, மோட்டாரை மேல்மட்டத்தில் தொங்கவிட்டு மெதுவாக ஒருமுறை கலங்கலை எடுங்கள். இடையிடையே ஈசி பாருங்கள், எண் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். கடல் நீர் புகுந்திருந்தாலும் கிணற்றில் நிற்கும் அந்த நீரை ஒரே ஒருமுறை, அதே மெதுவான வேகத்தில் எடுத்தால் போதும். பிறகு கிணற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

குடிக்கும் தண்ணீர் தனிக் கதை. நீர் தெளிந்த பிறகுதான் குளோரின் வேலை செய்யும். 3 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 5 சதவீத ப்ளீச் 1 லிட்டர் என்ற கணக்கில் 28 லிட்டர் வேண்டும். 70 சதவீதக் குளோரின் பவுடர் என்றால் 2 கிலோ போதும். வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, 12 மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். குளோரின் வாடை போன பிறகு ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, சரி என்று வந்தால் குடிக்கலாம். ஆனால் குளோரின் கிருமியை மட்டும்தான் கொல்லும். உப்பும், வெள்ளத்தில் கலந்த டீசலும், பூச்சிமருந்தும் அப்படியே இருக்கும். பக்கத்தில் மருந்துக் கிடங்கோ கழிவுநீர்த் தொட்டியோ உடைந்திருந்தால் அந்தக் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தவே வேண்டாம்.

தோட்டத்தில் முதலில் எலுமிச்சையைக் கவனியுங்கள். தண்ணீர் தேங்கினால் சில நாளிலேயே வேர் அழுகத் தொடங்கிவிடும், வாய்க்கால் வெட்டி வடியுங்கள். பேரீச்சை பொறுக்கும். மேலே படிந்த வண்டல் காய்ந்து ஓடு கட்டினால் லேசாகக் கொத்திவிடுங்கள், ஈரத்தில் மிதித்து உழ வேண்டாம். கடல் உப்பு ஏறிய மண்ணைக் கழுவ நல்ல தண்ணீர்தான் மருந்து. 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால், 30 சென்டிமீட்டர் ஆழ மண்ணிலிருந்து உப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழே இறங்கும். 2 மீட்டர் ஆரமுள்ள ஒரு மரத்துப் பாத்திக்கு இது சுமார் 3,800 லிட்டர். ஒரே மூச்சில் கட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டினால் இதைவிடக் குறைவாகவே ஆகும். ஜிப்சம் போடச் சொல்வார்கள். களிமண்ணில் சோடியத்தை வெளியேற்ற அது உதவும், மணலும் சரளையுமான மண்ணுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மண்ணைச் சோதித்த பிறகு காசைச் செலவழியுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மோட்டாரை மேலே தூக்குங்கள், கிணற்றைச் சுற்றி மண்மூட்டை அடுக்குங்கள், டீசலையும் மருந்தையும் மேட்டுக்கு மாற்றுங்கள், குடிநீர்த் தொட்டிகளை நிரப்பி மூடிவையுங்கள். 2007-இல் கோனு புயலின்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நின்றுபோய் மஸ்கட்டிலேயே தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. குழாயை நம்பி இருக்க முடியாது. நீர்மட்டத்தையும் ஈசியையும் இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். முந்தைய அளவு தெரிந்தால்தான் புயல் என்ன மாற்றியது என்று தெரியும்.

இப்போது கரிக்கும் கிணற்றுக்கு: மோட்டாரை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்துங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல் நாளுக்குச் சில தடவை குறைந்த நேரம் ஓட்டுங்கள். எலுமிச்சைக்கு மட்டும் டேங்கர் தண்ணீரைக் கலந்து கொடுக்கலாம். கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கடற்கரையில் ஆழம் போகப் போக உப்புதான் கூடும். அதோடு, அதற்கு அரசு அனுமதியும் வேண்டும்.