ஸ்க்ரூவை எடுத்துவிட்டால் முதுகுவலி போய்விடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. கீழ்முதுகில் டைட்டானியம் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து அறுவை சிகிச்சை செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கால்வலி நின்றுவிட்டது, இடுப்புவலி விடவில்லை. எக்ஸ்ரே சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஸ்க்ரூவை எடுத்துவிடலாமா?

பதில்: வலிக்குக் காரணம் ஸ்க்ரூதான் என்பதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கும்வரை அதை எடுக்கச் சம்மதிக்க வேண்டாம். உள்ளே உலோகம் இருப்பதால்தான் வலிக்கிறது என்று நினைப்பது இயல்பே. ஆனால் பெரும்பாலானோருக்கு அது ஆயுள் முழுவதும் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடுகிறது.

ஸ்க்ரூ வைத்து இறுக்கிய முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடிவிட்டனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவை கூடுவதற்கு 6 முதல் 12 மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதைத் தாமதப்படுத்தும். அதுவரை தாங்கிப் பிடிக்கும் சாரம்தான் ஸ்க்ரூவும் கம்பியும். எலும்பு கூடாத நிலையில் அவற்றை வெறுமனே கழற்றினால் அசைவு அதிகரித்து வலி கூடலாம். அத்தகையோருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது மறுபடி எலும்பு வைத்து இறுக்கும் சிகிச்சையே. சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகக்கூடும் என்பதால் சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்புப் பாலம் உருவாகியிருக்கிறதா, ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வளையம் ஸ்க்ரூ தளர்ந்திருப்பதைக் காட்டும். தளர்வுக்குப் பின்னால் மெதுவாக வளரும் கிருமித்தொற்று இருக்கலாம், ஆகவே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகளும் அவசியம்.

எலும்பு நன்றாகக் கூடியிருந்தும் வலித்தால், இறுக்கிய பகுதிக்கு மேலோ கீழோ உள்ள டிஸ்க்கின் தேய்மானத்தையும், புட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் சாக்ரோஇலியாக் மூட்டையும் ஆராய வேண்டும். இந்த மூட்டைப் பலர் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஸ்க்ரூவின் தலை இருக்கும் இடத்தை விரலால் அழுத்தும்போது அதே வலி வருகிறதா? மல்லாந்து படுத்தாலோ நாற்காலியில் சாய்ந்தாலோ கூடுகிறதா? ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களிடம் இதைக் காணலாம். அப்படியிருந்தால் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி ஸ்க்ரூவைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, அடுத்த சில மணி நேரத்தில் அம்மா நடந்து, குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்போது வலி பெருமளவு குறைந்தால், ஸ்க்ரூவை எடுப்பதால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் அது உத்தரவாதம் ஆகாது. எடுப்பதும் ஓர் அறுவை சிகிச்சைதான்: தொற்று, இரத்தப்போக்கு, ஸ்க்ரூ முறிதல் ஆகிய ஆபத்துகள் அதிலும் உண்டு.

காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, பாதத்தைத் தூக்க முடியாமை, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.