1915இல் சீனக் குடியரசுக்கு மீண்டும் ஓர் அரியணை வேண்டும் என்றவர்களின் வாதத்தில் நியாயம் இருந்ததா?

சீனக் குடியரசு பிறந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில் முடியாட்சிக்குத் திரும்ப வேண்டும் என்று வாதிட்டவர்கள் அப்போதைய குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயின் வெறும் துதிபாடிகளா, அல்லது அவர்களிடம் எளிதில் மறுக்க முடியாத காரணம் ஏதேனும் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். துதிபாடிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரியன்று என்பது என் கருத்து. 1915 ஆகஸ்டில் முடியாட்சிக்காகச் சங்கம் அமைத்த ஆறு பேரில் நால்வர் முன்பு சீனாவை ஆண்ட மஞ்சு அரசமரபை வீழ்த்தப் பாடுபட்ட புரட்சி இயக்கத்திலிருந்து வந்தவர்கள். ஐந்தாமவரான யான் ஃபூ, ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலைச் சீன வாசகர்களுக்கு மொழிபெயர்த்துத் தந்தவர். இவர்கள் சுட்டிக்காட்டிய சிக்கல் உண்மையானது. அதற்கு இவர்கள் முன்வைத்த தீர்வுதான் அந்தச் சிக்கலை முன்னிலும் கடுமையாக்கியது.

ஆறாமவரும் சங்கத்தின் தலைவருமான யாங் டூவின் வாதம் ஒரு சங்கிலி போன்றது: அரசியல் சட்டம் இல்லாமல் நாடு வலிமை பெறாது, மன்னர் இல்லாமல் அரசியல் சட்டம் நிலைக்காது. இரண்டாவது கண்ணிக்கு அவர் சொன்ன காரணம் வாரிசுப் போட்டி. குடியரசில் தலைவர் பதவி காலியாகும் ஒவ்வொரு முறையும் அதை அடைய விரும்புவோர் படைகளைத் திரட்டுவர் என்றும், அவ்வாறு அடிக்கடி போர்க்களமாகும் நாட்டில் எந்தச் சட்டமும் வேரூன்றாது என்றும் அவர் எழுதினார். நெடுங்காலம் ஆண்ட தலைவர் போர்ஃபிரியோ தியாஸ் 1911இல் வீழ்ந்தபின் உள்நாட்டுப் போரில் சிக்கிய மெக்சிகோ அப்போது எல்லோர் கண்முன்னும் இருந்தது. யுவானுக்கு ஆலோசகராக இருந்த அமெரிக்க அரசியல் அறிஞர் ஃபிராங்க் குட்னோவும் முடியாட்சி பற்றி எழுதிய தம் குறிப்பில் அதே நாட்டைத்தான் எடுத்துக்காட்டினார்.

இந்த அச்சம் கற்பனை அன்று. 1914 டிசம்பரில் இயற்றப்பட்ட தலைவர் தேர்தல் சட்டத்தைப் பார்த்தாலே அது விளங்கும். பதவிக்காலம் பத்து ஆண்டுகள், மறுபடியும் மறுபடியும் தேர்வாகலாம். அத்துடன், பதவியில் இருப்பவரே தமக்குப் பின் வரத்தக்க மூவரின் பெயர்களை எழுதி, கல்லால் கட்டிய அறை ஒன்றுக்குள் வைக்கப்பட்ட பொற்பேழையில் பூட்டி வைக்க வேண்டும் என்றது அச்சட்டம். தனக்கடுத்து யார் என்பதைப் பேழைக்குள் ஒளித்து வைக்கும் குடியரசு, வாரிசுச் சிக்கலைத் தீர்த்துவிட்ட குடியரசு ஆகாது. அந்த அளவில் யாங் டூவின் நோக்கு கூர்மையானது என்றே சொல்வேன்.

மக்களுக்கு அரசியல் பக்குவம் போதாது என்ற இரண்டாவது வாதத்தை என்னால் அவ்வளவு பொறுமையோடு படிக்க முடிவதில்லை. குட்னோ இதை அமைதியான மொழியில் சொன்னார்; சங்கத்தினர் உரக்கச் சொன்னார்கள். ஆனால் 1912–13 குளிர்காலத்தில் அந்த நாடு தேர்தல் நடத்திக் காட்டியிருந்தது. பெண்களுக்கு வாக்கில்லை, ஆண்களுக்கும் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றில் ஏதேனும் ஒரு தகுதி வேண்டும் என்ற குறைகள் இருந்தபோதும், சுமார் நான்கு கோடிப் பேர் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். அதில் முதலிடம் பெற்ற குவோமின்டாங் கட்சியின் சார்பில் பிரதமர் ஆவார் என்று எதிர்பார்க்கப்பட்ட சொங் ஜியாவ்ரென், 1913 மார்ச் 20 அன்று ஷாங்காய் ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். ஐயம் யுவானின் அரசின் மீதே விழுந்தது. நவம்பரில் அக்கட்சி தடை செய்யப்பட்டது. 1914 ஜனவரியில் நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. மக்களின் பிரதிநிதிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மக்களாட்சி இங்கே செயல்படவில்லை என்று சான்று காட்டுவது எந்த வகையிலும் நேர்மையான வாதம் அன்று.

இவர்களைவிடத் தெளிவாகச் சிந்தித்த முடியாட்சியாளர் காங் யூவெய். அதிகாரமற்ற ஒரு மன்னரை அமர்த்திவிட்டால் உச்சப் பதவிக்காக யாரும் போரிட மாட்டார்கள், அதிகாரத்துக்கான போட்டி பிரதமர் பதவியோடு நின்றுவிடும் என்றார் அவர். அந்த இருக்கைக்குக் கன்ஃபூசியஸின் வழித்தோன்றலையே அழைக்கலாம் என்றும் கருதினார். படையும் கருவூலமும் கையில் வைத்திருந்த யுவானை அரியணையில் ஏற்றுவது இதற்கு நேர் எதிரானது.

சங்கத்தாருக்கு மிக வலுவான மறுப்பை எழுதிய லியாங் சிச்சாவ் பிறவிக் குடியரசுவாதி அல்லர் என்பது கவனிக்கத்தக்கது; 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் புரட்சியாளர்களை எதிர்த்து அரசியல் சட்ட முடியாட்சிக்காக வாதாடியவர் அவரே. இருக்கும் அரசு வடிவத்தை ஏற்றுக்கொண்டு ஆட்சிமுறையைச் செம்மை செய்வதே தம் வேலை என்பது அவர் நிலைப்பாடு. கோயிலில் வணங்கப்பட்ட சிலையை ஒருவன் இழுத்துத் தள்ளிக் கழிப்பிடத்தில் எறிந்தபின், அதை மீட்டுவந்து மீண்டும் மாடத்தில் வைத்தாலும் பழைய அருள் திரும்பாது என்று அவர் எழுதினார். மன்னரின் அதிகாரம் நூற்றாண்டுகளின் பழக்கத்தில் நிற்பது. அந்தப் பழக்கம் 1912 பிப்ரவரியில் மஞ்சு மரபின் கடைசிப் பேரரசரான சிறுவன் புயி முடிதுறந்தபோது அறுந்துவிட்டது. புதிதாக நெய்த அரச உடை அதை ஒட்டவைக்காது.

குட்னோவின் பெயர் விளம்பரத்துக்குப் பயன்பட்ட அளவுக்கு அவருடைய நிபந்தனைகள் பயன்படவில்லை. மக்களிடமிருந்தும் வெளிநாடுகளிடமிருந்தும் எதிர்ப்பு இருக்கக் கூடாது, வாரிசு முறை ஐயமின்றி வரையறுக்கப்பட வேண்டும், அரசியல் சட்ட ஆட்சி வளர வழி செய்யப்பட வேண்டும் என்று முடியாட்சிக்கு மாற மூன்று நிபந்தனைகளை அவர் விதித்திருந்தார். ஜப்பானும் பிரிட்டனும் ரஷ்யாவும் 1915 அக்டோபரிலேயே இம்முயற்சியைத் தள்ளிப்போடும்படி அறிவுறுத்தின. பிரதிநிதிகள் என்ற பெயரில் கூட்டப்பட்ட 1,993 பேரும் ஒருவர்கூட மாறாமல் முடியாட்சிக்கு வாக்களித்தார்கள். மறுப்பே இல்லாத அந்த எண், வாக்கெடுப்பின் தன்மையைக் காட்டிவிடுகிறது.

இனி வாரிசுப் போட்டிக்கு வருகிறேன். யுவானின் வலிமை அவருடைய வடபுலப் படைத் தளபதிகளிடம் இருந்தது. ஃபெங் குவோசாங், துவான் சிருய் போன்றோர் அவருக்குப் பின் தலைவராகும் வாய்ப்பை எதிர்நோக்கக் கூடியவர்கள். குடியரசு அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது, பரம்பரை அரியணையோ அதை யுவானின் மகன்களுக்கு மட்டும் என்று மூடியது. போரைத் தவிர்க்கும் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு, இவ்வாறு அவருடைய சொந்த ஆட்களுக்கே விலகி நிற்கக் காரணம் தந்தது. லியாங்கின் மாணவரான சாய் எவும் அவருடைய தோழர்களும் 1915 டிசம்பர் 25 அன்று தென்மேற்கு மாகாணமான யுனானில் கிளர்ந்தெழுந்தபோது, ஃபெங்கும் துவானும் அரியணையை ஏற்றுக்கொண்டிருந்த யுவானுக்காக முனைந்து போரிட முன்வரவில்லை. 1916 மார்ச் 22 அன்று யுவான் முடியாட்சியைத் தாமே ரத்து செய்தார். ஜூன் 6 அன்று இறந்தார். எந்தப் போட்டியைத் தடுக்க அரியணை வேண்டும் என்றார்களோ, அந்தப் போட்டி அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தளபதிகளிடையே போராக நடந்தது.